கள் ஒன்று, மொந்தை பல: லினக்ஸில் விண்டோஸ் கேம் விளையாட எது தோது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அன்றிலிருந்து என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி ஒரே ரகம். "லினக்ஸ் போட்டுடலாம்னு இருக்கேன், ஆனா கேம்?" என்று ஆரம்பிக்கும். அப்புறம், "ஒயினா, புரோட்டானா, லூட்ரிஸா? எது நல்லா ஓடும்?"

ஏதோ மூன்று கம்பெனி ஃபோன்களை ஒப்பிடச் சொல்கிற மாதிரி கேட்கிறார்கள். உண்மையில் கள் ஒன்றுதான், மொந்தைதான் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒயின். அதை யார் ஊற்றித் தருகிறார்கள், சிந்தினால் யார் துடைக்க வருவார்கள் என்பதில்தான் வித்தியாசம். அந்தக் கணக்கை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

வெறும் ஒயின்

விண்டோஸுக்காக எழுதிய ஒரு கேம், "இந்தக் கோப்பைத் திற", "இந்த ஒலியை எழுப்பு", "இந்த முக்கோணத்தை வரை" என்று விண்டோஸிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸ் உட்கார வேண்டிய நாற்காலியில் ஒயின் உட்கார்ந்துகொண்டு, அத்தனைக்கும் லினக்ஸ் வழியாகப் பதில் சொல்கிறது. கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனை செய்வதில்லை. அதனால்தான் "ஒயின் எமுலேட்டர் அல்ல" என்பதையே பெயரின் விரிவாக வைத்திருக்கிறார்கள். 1993-இல் தொடங்கிய வேலை; 1.0 என்று துணிந்து எண் போட 2008 ஜூன் ஆகிவிட்டது.

கேம் என்று வந்தால் வெறும் ஒயினுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸில் 11-ஆம் பதிப்பு வரையிலான கிராபிக்ஸை, அது வழக்கமாக ஓப்பன்ஜிஎல் என்ற பழைய கிராபிக்ஸ் முறை வழியாகத்தான் மாற்றித் தரும், வேகம் அடிபடும். டிஎக்ஸ்விகே என்ற மாற்றைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒயின்ட்ரிக்ஸ் என்ற துணைக் கருவி உதவும். எந்த கேமுக்கு எந்த டிஎல்எல் (விண்டோஸின் துணை நிரல் கோப்பு) வேண்டும் என்று தேடி அலைவது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது குறை கொஞ்சம் ஆழமானது. இன்றைய கேம்கள் ஒரே நேரத்தில் பல இழைகளாக வேலை செய்கின்றன. "நீ முடி, நான் தொடங்குகிறேன்" என்று இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். ஒயினில் இந்தக் காத்திருப்பு ஒவ்வொன்றும் ஒயின்சர்வர் என்ற ஒற்றை நிரலிடம் போய் அனுமதி வாங்கி வர வேண்டியிருந்தது. ஊருக்கே ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிற ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் வரிசை நகர்கிற வேகத்தில்தான் கேம் நகரும். ஒயினின் கேம் பதிப்பான புரோட்டான், ஈசிங்க், எஃப்சிங்க் என்று குறுக்குவழிகள் வைத்து இதைத் தாண்டியது. ஒயின் தரப்பில் முறையான தீர்வாக என்டிசிங்க் 2025 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 6.14 பதிப்புடன் வந்தது, 2026 ஜனவரியில் வந்த ஒயின் 11 அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இதைக் கேட்டு "வேகம் இரண்டு மடங்கு" என்று துள்ளுகிறவர்கள் பழைய வெறும் ஒயினோடு ஒப்பிடுகிறார்கள். எஃப்சிங்கோடு ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் வெறும் ஒயின் யாருக்கு? பழைய சிடி வைத்திருப்பவர்களுக்கு. தொண்ணூறுகளில் வந்த பல கேம்களின் இன்ஸ்டாலர் 16-பிட் நிரல். 64-பிட் விண்டோஸ் அதைத் தொடக்கூட மாட்டேன் என்கிறது. ஒயின் சத்தமில்லாமல் ஓட்டிவிடும். விண்டோஸே கைவிட்ட விண்டோஸ் கேமுக்கு லினக்ஸில் இடம் கிடைப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்புதான் வரும்.

புரோட்டான்

ஒயினைக் கேமுக்கென்று தனியாகக் கட்டித் தரும் வேலை முன்பும் நடந்தது. 2000-களில் செடேகா என்ற மென்பொருளை மாதச் சந்தாவுக்குக் கொடுத்தார்கள், 2011-இல் மூடிவிட்டார்கள். 2018 ஆகஸ்ட் 21 அன்று ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ், கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புரோட்டானை வெளியிட்டபோதுதான் காற்று திசை மாறியது. முதல் நாள் சோதித்து உறுதி சொன்ன கேம்கள் வெறும் 27.

புரோட்டானின் பலம் அதற்குள் ஒயினோடு கூட அடைத்திருக்கும் இரண்டு சரக்கில் இருக்கிறது. ஒன்று டிஎக்ஸ்விகே: டைரக்ட்எக்ஸ் 8 முதல் 11 வரை வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் முறைக்கு மாற்றும். நியர் ஆட்டோமேட்டா கேமை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் பிலிப் ரெபோலே தனியாளாக எழுதத் தொடங்கியது இது. மற்றொன்று விகேடி3டி-புரோட்டான்: டைரக்ட்எக்ஸ் 12-க்கு. எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வெளிவந்தபோது விண்டோஸிலேயே திக்கித் திக்கி ஓடுகிறது என்று புகார் எழுந்தது. வால்வ் ஆட்கள் இந்த மாற்றி அடுக்கிலேயே திருத்தம் செய்து, தங்கள் கையடக்க கேம் கணினியான ஸ்டீம் டெக்கில் அந்தத் திக்கலைக் குறைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் பிழையையும் திருத்திக் கொடுத்த கதை.

பயன்படுத்துபவருக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம். ஸ்டீமில் வாங்கு, இன்ஸ்டால் அழுத்து, ஆடு. கேம் தகராறு செய்தால், அதன் பெயரில் வலது கிளிக், பண்புகள், பொருத்தப்பாடு என்று போய் வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்கும் முன், எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் அந்த கேமின் பெயரைத் தட்டிப் பாருங்கள். பிளாட்டினம், கோல்டு என்ற பட்டத்தை மட்டும் பார்க்காமல், கடைசி ஒரு மாதத்துக் குறிப்புகளைப் படியுங்கள். பட்டம் பழசாகிவிடும், குறிப்பு பொய் சொல்லாது.

லினக்ஸுக்கென்றே தனியாக வந்த பதிப்பு இருந்தால் அதுதான் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. பத்து வருடம் முன்பு போர்ட் செய்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத பதிப்புகள் நிறைய. அவற்றை விட்டுவிட்டு விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் ஓட்டினால் பல சமயம் நன்றாகவே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவத்திலிருந்து. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் வீடு கட்டிக் கொடுக்கும். ஸ்டீம் கோப்புறைக்குள் காம்பாட்டேட்டா என்ற இடத்தில் அந்த வீடுகள் வரிசையாக இருக்கும். பெயர் கிடையாது, கதவு எண் மட்டும்தான். எல்டன் ரிங்கின் எண் 1245620. ஒருமுறை டிஸ்க் நிரம்பிவிட்டது. இந்த எண்களைப் பார்த்துவிட்டு, "பழைய குப்பை" என்று இரண்டு மூன்றைத் தூக்கி எறிந்தேன். அதில் ஒன்றுக்குள் நாற்பது மணிநேரம் ஆடிய சேமிப்பு இருந்தது. கிளவுடில் நகல் வைக்காத கேம். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

ஜிஇ-புரோட்டான்

கேம் தொடங்குகிறது, மெனு வருகிறது, எல்லாம் சரி. கதைக் காட்சி ஆரம்பிக்க வேண்டிய இடத்தில், அந்தக் காலத்துத் தூர்தர்ஷன் நிகழ்ச்சி தொடங்கும் முன் வருமே, அந்த வண்ணப் பட்டைகள் திரை முழுக்க. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். அந்த வீடியோ காப்புரிமை உள்ள கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை) இருக்கிறது. வால்வ் சட்டச் சிக்கல் வேண்டாம் என்று அதைப் புரோட்டானில் சேர்ப்பதில்லை. பதிலாகத் தன் பக்கம் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றி, ஷேடர் என்ற கிராபிக்ஸ் நிரல் கோப்புகளோடு அனுப்புகிறது. இன்னும் மாற்றப்படாத வீடியோ என்றால் வண்ணப் பட்டைதான்.

குளோரியஸ் எக்ரோல் என்ற பெயரில் இயங்கும் தாமஸ் கிரைடர் வெளியிடும் ஜிஇ-புரோட்டானில் இந்தக் கோடெக் வேலையைச் செய்து வைத்திருக்கிறார். வால்வ் இன்னும் எடுத்துக்கொள்ளாத திருத்தங்களும் சில இருக்கும். புரோட்டான்அப்-க்யூடி என்ற சின்னக் கருவியால் இரண்டு கிளிக்கில் போட்டுக்கொள்ளலாம். இதையே எல்லா கேமுக்கும் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. என் வழக்கம் வேறு: முதலில் வால்வின் புரோட்டான், பட்டை தெரிந்தால் ஜிஇ. சீக்கிரம் வரும் திருத்தத்தோடு சீக்கிரம் வரும் கோளாறும் சேர்ந்தே வரும்.

ஸ்டீமுக்கு வெளியே

எபிக் கடை வாராவாரம் இலவசமாகத் தரும் கேம்களைச் சேர்த்து வைத்திருப்பவரா? ஜிஓஜி-யில் வாங்கியவரா? ஹீரோயிக் போடுங்கள். எபிக், ஜிஓஜி, அமேசான் மூன்றிலும் உள்நுழைந்து நூலகத்தை ஒரே திரையில் காட்டும், எபிக்கின் கனமான லாஞ்சரே தேவையில்லை. இந்த ஒரு வேலைக்கு இதைவிடச் சுத்தமான கருவி இல்லை.

லூட்ரிஸ் எல்லாக் கடைக்கும் பொது. டாஸ் கேம், பழைய கன்சோல் எமுலேட்டர் என்று கண்டதையும் ஒரே அலமாரியில் அடுக்கலாம். எந்த கேமை எப்படி நிறுவுவது என்று பயனர்கள் எழுதிப் பகிர்ந்த ஸ்கிரிப்டுகள்தான் அதன் சொத்து. அதுவேதான் சிக்கலும்: எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், தரவிறக்க முகவரி செத்திருக்கும், நீங்கள் பாதி வழியில் நிற்பீர்கள். ஸ்கிரிப்ட் எப்போது திருத்தப்பட்டது என்று பார்க்காமல் அழுத்தாதீர்கள்.

பாட்டில்ஸ் பார்க்க அழகு. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு தனிப் புட்டி, கலப்படம் இல்லை. ஆனால் நிரலைத் தனியாக அடைத்து வைக்கும் ஃபிளாட்பேக் என்ற பொதியின் வேலிக்குள் ஓடுவதால் இரண்டாவது டிஸ்கில் இருக்கும் கேம் அதன் கண்ணுக்கே தெரியாது. ஃபிளாட்சீல் என்ற கருவி வைத்து அனுமதி கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு மாலையைத் தொலைப்பது இங்கே சகஜம். கேமை விட, சின்னச் சின்ன விண்டோஸ் மென்பொருள்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வேன்.

ஹீரோயிக்கிலும் லூட்ரிஸிலும் இப்போது உமு என்ற இணைப்பு வழியாக ஜிஇ-புரோட்டானையே ஓட்ட முடிகிறது. ஸ்டீமுக்கு வெளியே போனாலும் புரோட்டான்தான் என்றால், மொந்தை கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

காசு கொடுத்து வாங்கும் கிராஸ்ஓவரும் உண்டு. 14 நாள் இலவசமாகப் பார்க்கலாம். ஒயின் வளர்ச்சியில் பெரும்பங்கு வகிக்கும் அதே கோட்வீவர்ஸின் சரக்கு, சிக்கல் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. மேக் வைத்திருப்பவருக்கு அருமை. லினக்ஸில் கேமுக்காக மட்டும் என்றால் எனக்கு அவசியம் தெரியவில்லை.

பழைய கார்டு வைத்திருப்பவர் கவனத்துக்கு

விண்டோஸ் 10-லிருந்து வருபவர்களில் பலரிடம் இருப்பது பழைய லேப்டாப். டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 இல்லாமல் நகராது. புரோட்டான் 8-ம் அப்படியே. இன்டெல் நான்காம் தலைமுறையின் உள் கிராபிக்ஸ், என்விடியாவின் கெப்ளர் கார்டுகள் இதில் அடிபடும். கேம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டால், லினக்ஸைத் திட்டும் முன் புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஏஎம்டி கார்டு என்றால் டிரைவரைத் தேடி நிறுவும் வேலையே இல்லை, லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. என்விடியாவில் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸைவிட வேகம் குறைவதும் கண்கூடு.

எந்த மொந்தையிலும் ஊற்ற முடியாதது

ஆன்லைன் போட்டி கேம்கள். இவற்றின் திருட்டாட்டத் தடுப்பு மென்பொருள் கணினியின் அடிமடியில் கைவைக்கும். வாலரண்டின் வேன்கார்டு விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே உட்காருகிறது. ஒயினில் அந்தக் கர்னலே கிடையாது என்னும்போது எங்கே உட்காரும்? ஈசி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் சாவி கேமை உருவாக்கியவர் கையில். ஈசி ஆன்டி-சீட் எபிக்கின் சொந்தச் சரக்கு. அதே எபிக்கின் ஃபோர்ட்நைட் லினக்ஸில் கிடையாது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதும் நடக்கிறது: ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்த்து லினக்ஸ் ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்தியது, அபெக்ஸ் லெஜண்ட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 31-இல் கதவைச் சாத்தியது. ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி இன்னும் ஜோராக ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

தினமும் நண்பர்களோடு இவற்றைத்தான் ஆடுகிறீர்கள் என்றால் மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாது. இரண்டு இயங்குதளமும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைக்கும்போது, இடம் மிச்சம் என்று விண்டோஸ் டிரைவில் இருக்கும் ஸ்டீம் நூலகத்தையே லினக்ஸுக்கும் காட்ட ஆசை வரும். வேண்டாம். புரோட்டான் கட்டும் வீட்டுக்குள் முக்காற்புள்ளியோடு பெயர் வைத்த "சி:" என்ற இணைப்புக் கோப்பு இருக்கும். விண்டோஸ் அப்படியொரு கோப்புப் பெயரை ஏற்காது. அதன் டிஸ்க் சோதனை ஓடும்போது அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். லினக்ஸ் பக்கம் கேம் ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். லினக்ஸின் சொந்த டிஸ்க் வடிவமான எக்ஸ்ட்4-இல் தனி இடம் ஒதுக்குவதுதான் நிம்மதி.

என் கணினியில் இப்போது இருப்பது ஸ்டீம், ஹீரோயிக், ஒரு பழைய சிடி கேமுக்காக வெறும் ஒயின். ஓரமாக 120 ஜிபி-யில் விண்டோஸும் இருக்கிறது. தம்பி லீவில் வந்து வாலரண்ட் கேட்டால்தான் அதற்கு வேலை.