ஊருக்கு மாடு வாங்கிக் குடுக்க நினைக்கிற சிங்கப்பூர் தம்பிங்களுக்கு: வீடியோவைப் பார்த்து காசு போடாதீங்க

இங்க வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஊர்ல அம்மா அப்பாவுக்கு ஒரு கறவை மாடு வாங்கிக் குடுக்கணும்னு ஆசை இருக்கும், நல்ல ஆசைதான், தினம் சொசைட்டிக்கு பால் ஊத்துனா அவங்க கையில செலவுக்கு காசு பொழங்கும், மாசாமாசம் நம்ம கையை எதிர்பார்க்க வேண்டியதில்ல. பொங்கல் சமயத்துல தேக்கா பக்கம் மாட்டைக் கொண்டாந்து நிறுத்துவாங்கல்ல, அதைப் பார்த்துட்டு டார்மிட்டரிக்குத் திரும்புற எத்தனையோ பேரு அன்னைக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டு மாட்டுப் பேச்சுதான் பேசுவாங்க. இந்த ஆசையை வச்சுத்தான் என்னை ஏமாத்துனாங்க, இன்னும் பல பேரை ஏமாத்திக்கிட்டு இருக்காங்க.

ஃபேஸ்புக்ல விளம்பரம். "வெளிநாட்டுல இருக்கும் சொந்தங்களே, நல்ல மாடா பார்த்து உங்க வீட்டு வாசல்ல இறக்கித் தர்றோம்"னு. பேசுனா ரொம்ப மரியாதையா பேசுறாங்க. எனக்குக் காட்டுனது ஒரு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன்ங்கிற சீமை மாடு) கலப்பு, ரெண்டாம் ஈத்து, கன்னு போட்டு ரெண்டு நாள்தான் ஆகுது, கிடாரிக் கன்னு, ஒரு நாளைக்கு 16 லிட்டர் பால் வரும், விலை 82,000 ரூபான்னு சொன்னாங்க. வீடியோவுல மடி கும்முனு இருந்துச்சு, பால் நுரை பொங்க வாளி நிறையக் கறந்தாங்க. பாதிப் பணத்தை இங்க இருக்குற அவங்க ஆளு நம்பருக்கு பேநவ்ல (போன் நம்பருக்கே பணம் அனுப்புற சிங்கப்பூர் வசதி) போடச் சொன்னாங்க, மீதி மாடு இறங்குனதும்னு பேச்சு. ஆனா நடந்தது வேற. மாட்டை ஏத்திக்கிட்டு குட்டியானை வண்டி ராத்திரி நேரத்துல வந்து நின்னுச்சு, மீதிக் காசு வந்தாத்தான் தாம்பைக் கையில குடுப்பேன்னு டிரைவர் வண்டியிலேயே உக்காந்துட்டான், அந்த இருட்டுல அம்மாவால என்ன பார்க்க முடியும், நான் இங்கேருந்து மீதியையும் போட்டேன்.

விடிஞ்சு அம்மா பால் பீச்சுனா 3 லிட்டர் கூட தேறல. ஒரு காம்புல பால் சுத்தமா வரல, கல்லு மாதிரி கெட்டியா இருந்துருக்கு. சரி, இடம் மாறி வந்த மாடு, பழகட்டும்னு அந்தப் பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கு சீம்பால் குடுக்கலாம்னு அடுப்புல வச்சுருக்கு. பால் திரியவே இல்ல! சாதாரணப் பாலாட்டம் பொங்கி வந்துருச்சு. அந்த நிமிஷமே அம்மா எனக்கு போன் பண்ணி, "டேய், இது கன்னு போட்டு ரெண்டு நாளான மாடு இல்லடா"ன்னு சொல்லுச்சு. ரெண்டு நாள் ஆன மாட்டுப் பால்னா மஞ்சளா கெட்டியா இருக்கும், அடுப்புல வச்சா கட்டிக்கும், மாடு வளர்த்த வீட்டுல இது தெரியாத ஆளே கிடையாது.

உடனே அந்த ஆளுக்குக் கூப்பிட்டேன். "மாடு அலைஞ்சு வந்துருக்கு அண்ணே, ஒரு வாரம் போனா சுரப்பு விடும்"னான். இந்தப் பதில்ல பாதி உண்மை இருக்குறதுதான் கொடுமை, வண்டியில அலைஞ்ச மாடு சில நாள் பால் குறைச்சுத்தான் குடுக்கும், அதனால நாமளும் காத்திருப்போம், அந்த வாரம் முடியறதுக்குள்ள அவன் நம்பரை பிளாக் பண்ணிருவான். எனக்கும் அதேதான் பண்ணினான்.

அரசு ஆஸ்பத்திரி கால்நடை டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தாரு (தமிழ்நாட்டுல 1962க்கு போன் பண்ணா வண்டியோட வருவாங்க, இதை எல்லாரும் வீட்டுல சொல்லி வைங்க). வாயைத் திறந்து பார்த்தா எட்டுப் பல்லும் சேர்ந்து, தேஞ்சு, இடைவெளி விழுந்துருக்கு. மாட்டுக்கு ரெண்டு வயசு வாக்குல முதல் ஜோடிப் பல்லு விழுந்து புதுப் பல்லு வரும், நாலு நாலரை வயசுல கடை சேரும், அதாவது எட்டுப் பல்லும் முளைச்சு முடியும், அதுக்கப்புறம் தேய ஆரம்பிக்கும். ரெண்டாம் ஈத்து மாட்டுக்கு இப்படித் தேஞ்ச பல்லு இருக்கவே இருக்காது. கன்னு போட்டு அஞ்சாறு மாசம் ஆகியிருக்கும்னாரு, புதுசா கன்னு போட்ட மாட்டுக்கு பின்னாடி அழுக்கு வடியும், அந்த அடையாளமே இல்லையாம். பால் வராத காம்பு பழைய மடிநோய்ல செத்துப் போனது, இனிமே திரும்பாது. காதுல ஓட்டை இருக்கு, அடையாள வில்லையைக் காணோம். அந்த மஞ்சள் வில்லையில 12 இலக்க நம்பர் இருக்கும், பதிவு இருந்துச்சுன்னா டாக்டரு அதை வச்சே மாட்டோட விவரத்தை எடுத்துருவாரு, அதனாலதான் அறுத்துட்டாங்க. வில்லை இல்லாத மாட்டுக்கு இன்சூரன்ஸும் கிடைக்காது.

அப்ப வீடியோவுல மடி எப்படி அவ்வளவு பெருசா இருந்துச்சு? முதல் நாள் முழுக்க கறக்காம விட்டுருப்பாங்க. பால் கட்டி மடி விறைச்சு நிக்கும், மாடு அந்த வலியோட நிக்கும், அதைத்தான் நாம நல்ல மடின்னு பார்க்குறோம். சில பேரு பால் இறங்குறதுக்கு சுரப்பு ஊசி வேற போடுவாங்க. பால் கூடுறதுக்காக கறவை மாட்டுக்கு உடம்பைக் கெடுக்குற ஊசி போடுறது 1960ஆம் வருஷத்து மிருகவதைச் சட்டத்துலயே குற்றம். நுரையோட வாளியைக் காட்டுனா அளவும் தெரியாது, நுரை அடங்குனாத்தான் எத்தனை லிட்டர்னு சொல்ல முடியும்.

எனக்கு இன்னைக்கும் மனசு ஆறாதது அந்தக் கன்னுக்குட்டி விஷயம்தான். அது நெசமாவே பொறந்து ஓரிரு நாள் ஆன கன்னு, தொப்புள் கூட இன்னும் காயல. வேற எங்கேயோ தாய்கிட்டேருந்து பிரிச்சுக் கொண்டாந்து இந்த மாட்டோட கட்டிட்டாங்க. மாடு கிட்ட சேர்க்காம உதைச்சுத் தள்ளுது. பொறந்த சில மணி நேரத்துக்குள்ள சீம்பால் உள்ள போகலன்னா தாய்கிட்டேருந்து வர வேண்டிய நோய் எதிர்ப்பு கன்னுக்குக் கிடைக்காது, இதுக்குக் கிடைச்சுதோ என்னவோ. அம்மா ராத்திரி பகலா பாட்டில்ல பால் குடுத்துச்சு, ஆனா கன்னு கழிச்சல் பிடிச்சு செத்துப் போச்சு. அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

வாங்கணும்னு இருந்தா நம்ம ஆளு ஒருத்தரு, மாடு தெரிஞ்ச பெரியப்பாவோ மாமாவோ, நேர்ல போய் ராத்தங்கியே ஆகணும். முதல்ல அவங்க முன்னாடியே மடியைச் சுத்தமா கறந்து காலி பண்ணச் சொல்லுங்க, அந்தப் பாலைக் கணக்குல சேர்க்காதீங்க. அதுக்கப்புறம் சாயங்காலம், மறுநாள் காலை, திரும்ப சாயங்காலம்னு தொடர்ந்து மூணு கறவை பாருங்க. கறந்து முடிச்சதும் நல்ல மடி சுருங்கித் தொங்கணும், அப்பவும் பெருசா இருந்துச்சுன்னா அது சதை மடி. நாலு காம்புலயும் தனித்தனியா பீச்சிப் பாருங்க, பால் திரி திரியா வந்தா மடிநோய், அந்த மாட்டை விட்டுருங்க. கன்னை அவுத்து விடுங்க, தாய்னா நக்கும். வாயைப் பிடிச்சுப் பல்லைப் பாருங்க, காது வில்லை நம்பரைப் போட்டோ எடுங்க. முடிஞ்சா டாக்டரைக் கூட்டிப் போய் கன்னுவீச்சு நோய்க்கு (புரூசெல்லோசிஸ்) ரத்தம் சோதிச்சுருங்க, அது மனுசனுக்கும் ஒட்டுற நோய். இதுக்கெல்லாம் ஒத்துக்காத தரகன்கிட்ட ஒரு வெள்ளி கூட குடுக்காதீங்க. ராத்திரியில மாடு இறக்குறேன்னா வேண்டாம்னு சொல்லிருங்க, பகல்லதான் இறக்கணும்.

ஏற்கெனவே பணம் போட்டவங்க பேநவ் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த வீடியோ எதையும் அழிக்காதீங்க. பணம் போனது இங்க உள்ள அக்கவுண்டுக்குன்னா இங்கேயே போலீஸ் ரிப்போர்ட் குடுக்கலாம், ஆன்லைன்லயே முடியும், என்ன செய்யுறதுன்னு தெரியலன்னா மோசடிக்குன்னே இருக்குற ஸ்கேம்ஷீல்டு உதவி நம்பர் 1799க்கு கூப்பிட்டுக் கேளுங்க. ஊர் அக்கவுண்டுக்குப் போட்டவங்க இந்தியாவுல சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு சொல்லணும், லேட் பண்ணாதீங்க, பணம் கை மாறிருச்சுன்னா பிடிக்கிறது கஷ்டம். நான் ரிப்போர்ட் குடுத்துட்டேன். இதே மாதிரி மாட்டுல ஏமாந்தவங்க, பெர்மிட்டுக்குப் பிரச்சனை வரும்னு பயந்துக்கிட்டு சும்மா இருக்காதீங்க, ஏமாந்தது நம்ம குத்தம் இல்ல, நீங்களும் போய் ரிப்போர்ட் குடுங்க.