மொட்டை மாடிக்குக் கீழே ஒரு டன் ஏசி: மூன்று கோடைகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

திருச்சி உறையூரில் நாங்கள் குடியிருப்பது இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளம். பகல் முழுவதும் மொட்டை மாடி வாங்கிய வெயில், பொழுது சாய்ந்த பிறகுதான் கூரை வழியாக மெல்ல அறைக்குள் இறங்கத் தொடங்கும். கத்திரி நாட்களில் நள்ளிரவு கடந்தும் மின்விசிறி அனலையே சுழற்றிக்கொண்டிருக்கும். எழுபத்திரண்டு வயதான அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, 2023 ஏப்ரலில், வீட்டின் முதல் ஏசியை வாங்கினோம். ஒரு டன் திறனும் மூன்று நட்சத்திரமும் கொண்ட இன்வெர்ட்டர் ஸ்பிலிட் ஏசி அது. விலை 31,500 ரூபாய். மூன்று கோடைகள் ஓட்டிப் பார்த்துவிட்டதால், குறைந்த செலவில் ஏசி வாங்க நினைப்பவர்களுக்கு உதவக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கடையில் எழுந்த முதல் கேள்வி டன் பற்றியது. ஒரு டன் என்பது கருவியின் எடையைக் குறிப்பதன்று. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை அளவுகோலாகக் கொண்டு, அதே வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் திறனைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. வெப்பத்தை அளக்கும் பிடியு என்ற அலகில் மணிக்கு 12,000, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட். எங்கள் படுக்கையறை 11 அடிக்கு 10 அடி. சாதாரணமாக இந்த அளவுக்கு ஒரு டன் போதும் என்றாலும், மேல்தளம் என்று சொன்னவுடனே கடைக்காரர் ஒன்றரை டன்னைக் காட்டினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெறும் கான்கிரீட் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவரிலும் வெயில் அடிக்கும் அறையாக இருந்தால் ஒரு டன் திணறும். ஆனால் பெரிய கருவிக்குக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த தொகையைக் கூரைக்குச் செலவழித்தால் என்ன என்று நான் யோசித்தேன்.

யோசித்தேனே தவிர, அந்த ஆண்டு செய்யவில்லை. அதன் பலனை முதல் கோடையிலேயே பார்த்தோம். இரவு ஒன்பது மணிக்கு ஏசியைப் போட்டால் பதினொரு மணிவரை அறை 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மே, ஜூன் இரண்டு மாதங்களில் ஏசி மட்டும் ஏறத்தாழ 270 யூனிட் எடுத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மொட்டை மாடியைச் சுத்தமாகக் கழுவி, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு முறை அடித்தோம். மேற்கு சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். அதே கருவி, அதே அறை; அந்தக் கோடையில் முக்கால் மணி நேரத்தில் அறை குளிர்ந்துவிட்டது, செலவும் 220 யூனிட் அளவுக்கு இறங்கியது. என்னைக் கேட்டால், மேல்தளத்தில் இருப்பவர்கள் ஏசிக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் இந்த வெள்ளைப் பூச்சுதான்.

அடுத்தது நட்சத்திரம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் ஒட்டச் செய்யும் அந்தச் சீட்டில், நட்சத்திரங்களைவிட அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள எண்களே நமக்கு வேண்டியவை. ஐசீர் என்று அழைக்கப்படும் எண், ஒரு பருவம் முழுவதற்கும் சேர்த்துக் கருவி எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்பதைக் காட்டுகிறது. நாங்கள் வாங்கியபோது நடப்பில் இருந்த, 2022 ஜூலையில் வந்த அட்டவணைப்படி ஸ்பிலிட் ஏசியில் அந்த எண் 3.80 முதல் 4.40-க்குள் இருந்தால் மூன்று நட்சத்திரம், 5.00-ஐ எட்டினால் ஐந்து நட்சத்திரம். எங்களுடையது 3.9. ஆண்டு மின்செலவு என்று அச்சிட்டிருப்பது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. எங்கள் சீட்டில் 680 யூனிட், அதாவது மணிக்கு அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதம் ஓட்டினால் 204 யூனிட் வர வேண்டும். கடுங்கோடையில் எங்களுக்கு 220 வருவதால் அந்தச் சீட்டை நம்பலாம் என்றே சொல்வேன். இந்த அட்டவணை அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், சீட்டில் உள்ள ஆண்டையும் பார்த்துதான் இரண்டு கருவிகளை ஒப்பிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை மின்கட்டணப் படிநிலையோடு சேர்த்துத்தான் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு மதகு போன்றது. அதற்குள் இருக்கும்வரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2.35 ரூபாய்தான், அதைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 ரூபாய் ஆகிவிடும். 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். கடைசிப் பத்து யூனிட்டின் விலை 319 ரூபாய்! ஏசி இல்லாமல் எங்கள் வீட்டுக் கோடைச் செலவு 380 யூனிட், கட்டணம் 1,081 ரூபாய். 2025 கோடையில் ஏசியோடு சேர்ந்து 600 யூனிட் ஆகி, கட்டணம் 2,880 ரூபாய் வந்தது. ஐந்து நட்சத்திரக் கருவியாக இருந்திருந்தால் 220-க்குப் பதிலாக ஏறத்தாழ 172 யூனிட் ஆகியிருக்கும்; அப்போதும் 500-ஐத் தாண்டித்தான் இருப்போம், ஆனால் சுமார் 400 ரூபாய் மிச்சமாகியிருக்கும். மற்ற மாதங்களையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் மிச்சம். அதே நிறுவனத்தின் ஐந்து நட்சத்திரக் கருவிக்கு அன்று 8,000 ரூபாய் அதிகம் என்பதால், அந்தத் தொகை திரும்ப எட்டு ஆண்டுகள் ஆகும். இரவில் மட்டும், அதுவும் கோடையில் மட்டும் ஓட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு மூன்று நட்சத்திரம் தவறான தேர்வன்று.

பொருத்துவதில்தான் நாங்கள் ஏமாந்தோம். அறைக்குள் இருக்கும் இன்டோர், வெளியே இருக்கும் அவுட்டோர் ஆகிய இரண்டு பகுதிகளையும் செப்புக் குழாயால் இணைத்த பிறகு, வாக்குவம் பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதுமாக உறிஞ்சி எடுத்த பின்னரே, குளிர்ச்சி தரும் கேஸைத் திறந்துவிட வேண்டும். எங்களுக்கு வந்த மெக்கானிக் பம்ப் கொண்டுவரவில்லை. கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு, அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது மாதமே குளிர்ச்சி குறைந்தது. குழாய் இணையும் நட்டில் கசிவு இருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒன்பது நாட்கள் ஆயின, அதுவும் கத்திரியின் நடுவில். அம்மா அந்த நாட்களில் ஒரு முறைகூடக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆகவே பொருத்த வருபவரிடம் முதல் வேலையாகப் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். கூடுதல் குழாய், அவுட்டோர் வைக்கும் ஸ்டாண்ட், சுவரில் துளையிடும் கூலி ஆகியவை பெரும்பாலும் விலையில் சேராதவை. எங்களுக்கு இவை 3,800 ரூபாய் பிடித்தன. ஏசிக்கெனத் தனி வயரும் சரியான எர்த்தும் இல்லாத பழைய வீடுகளில் அந்தச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில் எனக்குக் குறையில்லை. இன்வெர்ட்டர் என்பதால் அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்று நின்று ஓடாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடுகிறது. உள்ளே ஓசை மிகக் குறைவு. அவுட்டோரின் அதிர்வு மட்டும் முதலில் சுவரில் கேட்டது, ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் துண்டுகள் வைத்த பிறகு அடங்கியது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரச் சீட்டுப் பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும். நாங்கள் 26-இல் வைத்து மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுகிறோம். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது பணியகம் சொல்லும் கணக்கு. விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படும் ஐந்து விதக் குளிரூட்டலும் கைப்பேசி வழி இயக்கமும் எங்களுக்கு எந்தப் பயனும் தரவில்லை. அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஃபில்டரைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவினாலே போதும், குளிர்ச்சி மாறாமல் இருக்கிறது.

கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் என்பதைக் கேட்டு மகிழ்ந்துவிடாமல், கேஸ் நிரப்பும் செலவும் கூலியும் அதில் அடங்குமா என்று படித்துப் பார்க்க வேண்டும், எங்களுடையதில் அடங்காது. அடிக்கடி பழுதாகும் பிசிபி போர்டுக்கு, அதாவது கருவியை இயக்கும் மின்னணுப் பலகைக்கு, எத்தனை ஆண்டு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசி மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்திருப்பதால், வரியோடு 32,000 ரூபாய்க்கு விற்ற கருவி, அடிப்படை விலை மாறாதவரை, 29,500-க்குக் கிடைக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் தள்ளுபடி இந்த வரிக்குறைப்புக்கு மேற்பட்டதா என்று ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

சென்னை திருவான்மியூரில் இருக்கும் தம்பி இப்போது ஏசி பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் வீட்டிலிருந்தே வேலை செய்பவன், பகலிலும் ஏசி ஓடும். வீடு கடற்கரைக்கு அருகில், நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். காற்றோடு வெப்பத்தை மாற்றிக்கொள்ளும் குழாய்ச் சுருளான காயில் அலுமினியமாக இருந்தால் உப்புக்காற்று அதை அரித்துவிடும் என்பதால், அரிப்பைத் தடுக்கும் பூச்சுடன் கூடிய செப்புக் காயில் உள்ள, ஒரு டன் ஐந்து நட்சத்திரக் கருவியையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். பம்ப் கொண்டுவரும் மெக்கானிக் எந்த நாளில் வருவார் என்பதைக் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்டுவதாகச் சொன்னான்.