ரங்கூனில் தைராய்டு ஆபரேஷன்: என் குரலைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரி

கையெழுத்துப் போடும் முன் சர்ஜனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "சயா (டாக்டர்), எனக்குப் பாட்டு போயிடுமா?" முப்பது வருஷமாக எங்கள் தெரு அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் தேவாரம் பாடுகிறவள் நான். அவர் அவசரப்படவில்லை. ஒரு தாளை எடுத்துக் கழுத்தை வரைந்தார். வண்ணத்துப்பூச்சி மாதிரி தைராய்டு சுரப்பி, அதன் முதுகை ஒட்டி ஓடும் நூல் போன்ற குரல் நரம்பு, அக்கம்பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் நான்கு குட்டிச் சுரப்பிகள். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

நான் பிறந்தது பர்மாவின் மலையூர் கலோவில். ஷான் மலைச் சந்தைகளில் கழுத்து வீங்கிய பெண்களைப் பார்த்தே வளர்ந்தோம். பர்மியர் அதை லெபின்ஜீ என்பார்கள். மலைமண்ணில் அயோடின் குறைவு, அதனால் வருவது. எனக்கு வந்தது வேறு: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கற்பூரத் தட்டு ஆடும். சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார்கள். மாத்திரையை நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

சுவிட்சர்லாந்தும் ஒரு காலத்தில் இப்படிக் கழுத்துக் கழலை மிகுந்திருந்த மலைநாடுதான் என்றார் சர்ஜன். அங்கே பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்ற சர்ஜன் இந்த ஆபரேஷனைத் தொடங்கிய காலத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில் இறந்தார்கள். ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, சுத்தம் காத்து, நிதானமாக அறுத்து, 1912க்குள் 5000 ஆபரேஷன் முடித்தபோது சாவு நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைந்திருந்தது. 1909இல் நோபல் பரிசும் வந்தது. கழுத்தை மட்டும் மரக்கவைத்து, நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே அறுப்பாராம். குரல் கம்மினால் கத்தி நரம்புக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று தெரிந்துவிடும்.

என்னைத் தொட்டது இன்னொரு விஷயம். 1874இல் கோக்கர் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சுரப்பியை முழுதாக எடுத்தார். பிழைத்துவிட்டாள், ஆனால் வளர்ச்சி நின்று மந்தமாகிப்போனாள். அவர் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். முழுதாக எடுத்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் ஆகியிருந்தார்கள். 1883இல் அதைச் சர்ஜன்கள் சபையில் எழுந்து சொல்லிவிட்டார். செய்த தவற்றைத் தேடிப் போய்ப் பார்த்த மனுஷன். "இப்ப முழுசா எடுக்கத் துணியறோம்னா, அதுக்கப்புறம் கொடுக்க மாத்திரை இருக்கறதாலதான் அமே (அம்மா)" என்றார் எங்கள் சர்ஜன்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்பிருந்து லூகோல் அயோடின் சொட்டு. கரும்பழுப்பு நிறம், வாயில் இரும்புச் சுவை, பழச்சாற்றில் கலந்து குடித்தேன். சுரப்பியின் ரத்த ஓட்டத்தைத் தணிக்கவாம். 1920களில் மேயோ கிளினிக்கில் ஹென்றி பிளம்மர் கொண்டுவந்த முறை, இன்றும் மாறவில்லை.

மயக்கம் தெளிந்ததும் பேர் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கரகரத்தது, ஆனால் என் குரல்தான். நள்ளிரவில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்ந்தது. மணியடித்து இரண்டு நிமிஷத்தில் சயாமா (நர்ஸ்) ஓடி வந்தார். ரத்தம் எடுத்தார், கால்சியம் ஏற்றினார். அந்தக் குட்டிச் சுரப்பிகள் சோர்ந்துபோனால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இப்படி ஆகும் என்று வரைபடத்திலேயே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை.

குறை சொல்ல வேண்டியது வீட்டுக்கு அனுப்பிய விதம். சுரப்பிக்குப் பதிலாகக் கொடுக்கும் தைராக்ஸின் மாத்திரையையும் கால்சியத்தையும் 'காலை' என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் இரண்டையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆறாம் வாரம் ரத்தச் சோதனையில் அளவு சரியில்லை. தைராக்ஸின் வெறும் வயிற்றில், கால்சியம் குறைந்தது நாலு மணி நேரம் கழித்து என்று அப்போதுதான் சொன்னார்கள். மருந்துச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் இதைச் சொல்ல ஓர் ஆளை உட்காரவைக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிமார் அங்கே நிறைய வருகிறார்கள்.

செலவுக்குச் சேமிப்பு போக ஒரு ஜோடி காப்பும் போனது. தழும்பு கழுத்துக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பாடினேன். மேல் ஸ்தாயி இன்னும் எட்டவில்லை. ஆறு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் சயா.