லாம் சபாங்கில் இறங்கினால் பாங்காக்கா, அயுத்தயாவா?

பயணத் திட்டத்தில் 'பாங்காக்' என்று போட்டிருந்தாலும் பெரிய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் நிற்பது லாம் சபாங் துறைமுகத்தில்தான். அங்கிருந்து பாங்காக் சுமார் 120 கி.மீ. பேருந்தில் இரண்டு மணி நேரம், நெரிசலில் மாட்டினால் அதற்கு மேலும் ஆகும். கோயிலும் அரண்மனையும் பார்க்க நினைப்பவர்களிடம் கப்பல்காரர்கள் நீட்டும் சுற்றுலாக்கள் முக்கியமாக இரண்டு: பாங்காக் அரண்மனை வளாகம், அதற்கும் வடக்கே சுமார் 80 கி.மீ. தள்ளி இருக்கும் பழைய தலைநகர் அயுத்தயா.

கப்பல் ஒரு பகல் மட்டும் நிற்கிறதா? யோசிக்கவே வேண்டாம், பாங்காக். அயுத்தயாவுக்குப் போய்வந்தால் பகலில் பாதிக்கு மேல் பேருந்திலேயே கழிந்துவிடும்.

பாங்காக் அரண்மனை 1782இல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா கட்டத் தொடங்கியது. அரண்மனை என்றதும் அந்தப்புரம், தர்பார் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மாளிகைகளில் பெரும்பாலானவற்றை வெளியே நின்றுதான் பார்க்க முடியும். நுழைவுக் கட்டணமாகக் கொடுக்கும் 500 'பாட்' தாய்லாந்துப் பணத்துக்கு உண்மையான பலன் உள்ளே இருக்கும் வாட் பிரா கேவ் கோயில். அங்கே இருப்பவர் மரகத புத்தர் என்று பெயரே தவிர, சிலை மரகதமல்ல, வேறொரு பச்சை நிறக் கல்லில் செய்தது. உயரம் 66 செ.மீ.தான். பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை அதற்கு உடை மாற்றுவார்கள், பொதுவாக மன்னரே மாற்றுவார். கூட்டம் அங்கேதான் முண்டும். நம்மவர்கள் அதை முடித்துவிட்டு சுற்றுப் பிராகாரத்துக்கு வர வேண்டும். ராமகியென், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 சுவரோவியங்களாக அங்கே ஓடுகிறது. அந்தக் கதையில் அனுமன் பிரம்மச்சாரி இல்லை, காதலிகள் பலர்! வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பக்கத்திலேயே வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் பாதங்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியில் பதித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அரண்மனையைவிட இதுவே நிம்மதியான இடம். ஆற்றுக்கு அக்கரையில் வாட் அருண் கோயில். நேரம் இருந்தால் படகில் கடக்கலாம், இல்லையென்றால் இக்கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

அயுத்தயா வேறு மாதிரி. 14ஆம் நூற்றாண்டிலிருந்து சுமார் 400 ஆண்டுகள் தலைநகராக இருந்து, 1767இல் பர்மியப் படை எரித்துத் தரைமட்டமாக்கிய ஊர். 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வாட் மகாதாட்டில் அரசமர வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலையைப் பார்க்கத்தான் எல்லோரும் ஓடுவார்கள். அங்கே படம் எடுப்பவர் தலை புத்தரின் தலைக்கு மேலே இருக்கக்கூடாது, குனிந்தோ உட்கார்ந்தோ எடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது வாட் பிரா சி சன்பெட். பழைய அரண்மனைக்குள் இருந்த அரச கோயில் அது. பாங்காக்கின் வாட் பிரா கேவுக்கு அதுவே முன்மாதிரி. அங்கே நின்ற பொன் வேய்ந்த பெரிய புத்தரின் மிச்சத்தை முதலாம் ராமா பாங்காக்குக்குக் கொண்டுவந்து வாட் போவில் ஒரு தூபிக்குள் வைத்தார். ஆக, பாங்காக்கை மட்டும் பார்ப்பவரும் அயுத்தயாவை அறவே தவறவிடுவதில்லை. இடிபாடுகளில் நிழல் குறைவு, மதிய வெயில் மண்டையைப் பிளக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வழியில் பாங் பா இன் கோடை அரண்மனையையும் சேர்த்துக் கொடுத்தால் அயுத்தயா பக்கம் தராசு கொஞ்சம் சாயும். குளத்தின் நடுவில் தாய்லாந்துப் பாணி மண்டபம், கரையில் ஐரோப்பிய, சீன மாளிகைகள் என்று அழகான கலவை. கப்பல் இரவு தங்கினால் முதல் நாள் பாங்காக், மறுநாள் அயுத்தயா என்று போகலாம். இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்பவரிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள்.

பட்டாயாவின் மரக்கோயிலான 'சத்திய ஆலயம்' துறைமுகத்துக்குக் கிட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் கட்டத் தொடங்கியதே 1981இல், பழமை தேடுபவர்களுக்கு அது சரிப்படாது.

அப்புறம், வாடகைக் காரா, கப்பல் சுற்றுலாவா? நாலு பேர் சேர்ந்தால் கார் மலிவு, வாட் போவில் வேண்டிய நேரம் உட்காரலாம். ஆனால் கப்பலின் சொந்தப் பேருந்து தாமதமானால்தான் கப்பல் காத்திருக்கும். உங்கள் காருக்காகக் காத்திருக்காது. பாங்காக் என்றால் மதியம் இரண்டு மணிக்குள் அங்கிருந்து திரும்பக் கிளம்பும் திட்டத்தோடு கார் எடுக்கலாம். அயுத்தயாவுக்குக் கப்பல் பேருந்தேதான். எதில் போனாலும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், இல்லாவிட்டால் அரண்மனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.