நோத்ர தாமா, சேன்ட் ஷப்பலா?

பாரிஸில் சேன் ஆற்றின் நடுவே உள்ள சித்தே தீவில், ஐந்தாறு நிமிட நடைத் தொலைவில் இரண்டு ஆலயங்கள் இருக்கின்றன. நோத்ர தாம் பேராலயத்தை அறியாதவர் இல்லை. சேன்ட் ஷப்பல், பழைய அரண்மனை வளாகத்தில் நீதிமன்றக் கட்டடங்களுக்குள் ஒதுங்கி நிற்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் அதன் மேற்பகுதிதான் தெரியும். அரை நாள்தான் இருக்கிறது என்பவர்கள் யோசிக்காமல் நோத்ர தாமுக்குப் போய்விடுகிறார்கள். நல்ல வெயில் அடிக்கும் நாளென்றால் நான் சேன்ட் ஷப்பலுக்கே போகச் சொல்வேன்.

ஒன்பதாம் லூயி மன்னர், இயேசுவின் முள்முடி என்று வணங்கப்படும் திருப்பண்டத்தை 1239இல் கான்ஸ்டாண்டினோப்பிளின் பேரரசரிடமிருந்து பெற்றார். அதற்கு அவர் கொடுத்த 1,35,000 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்), அதை வைப்பதற்காகக் கட்டிய ஆலயத்தின் செலவைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். 1248இல் நேர்ந்தளிக்கப்பட்ட அந்த ஆலயம்தான் சேன்ட் ஷப்பல். கீழ்த்தளம் அரண்மனை ஊழியர்களுக்கானது, கூரை தாழ்வானது. குறுகிய சுழற்படியில் ஏறி மேல்தளத்துக்கு வந்தால் சுவர் என்ற ஒன்றையே காணோம்! நான்கு புறமும் வண்ணக் கண்ணாடி. 15 உயர்ந்த சாளரங்களில் 1,113 காட்சிகள். பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததே. இத்தனை மெல்லிய கல்தூண்கள் கூரையைத் தாங்குவதற்கு, கட்டுமானத்துக்குள் மறைந்து ஓடும் இரும்புப் பிணைப்புகளும் துணை. அந்தக் காலத்தில் இப்படித் துணிந்த கொத்தர்களை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை. ஆனால் வானம் மூடியிருந்தால் நீலமும் சிவப்பும் மங்கி, பாதி அழகு போய்விடும்.

நோத்ர தாமின் சிறப்பு வேறு வகை. 1163 வாக்கில் கட்டத் தொடங்கிய அந்தப் பேராலயத்தின் நீளம் மட்டும் 128 மீட்டர். 2019 ஏப்ரல் 15 அன்று ஓக் மரக் கூரையும் கூர்கோபுரமும் எரிந்து விழுந்தன. 2024 டிசம்பரில் கதவுகள் மீண்டும் திறந்தபோது, நூற்றாண்டுகளின் கரி நீங்கிய சுவர்கள் வெளிர்நிறத்தில் ஒளிர்ந்தன. பழைய இருட்டில்தான் பக்தி இருந்தது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டியவர்கள் பார்த்த கல்லின் நிறத்துக்கு இதுதான் நெருக்கமானது. சுற்றிப் பார்க்கும் கூட்டம் மட்டும் ஓயாது நகர்ந்துகொண்டே இருக்கும். நின்று ரசிக்க இடம் கிடைப்பது அரிது.

அதனால் அங்கே வழிபாட்டு நேரத்தில் போவதே நல்லது. ஏறக்குறைய 8,000 குழாய்கள் கொண்ட பெரிய ஆர்கன் இசைக்கருவி தீயிலிருந்து தப்பிவிட்டது. திருப்பலி எனும் பூசையில் அது முழங்கும்போதுதான் அந்த உயரமும் நீளமும் எதற்கு என்று புரியும். சேன்ட் ஷப்பலில் இது கிடைக்காது. அரசின் நினைவுச்சின்னமாக இருக்கும் அங்கே அன்றாட வழிபாடு கிடையாது. முள்முடியும் இப்போது நோத்ர தாமில்தான் உள்ளது; தீப்பிடித்த இரவில் அதைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்கள். செபிப்பதற்காகவே போகிறவர் சேன்ட் ஷப்பலை விட்டுவிடலாம், குறை இல்லை. முள்முடியை வணங்க விரும்புகிறவர்கள், அந்த வணக்கம் நடக்கும் மாதத்தின் முதல் வெள்ளியையோ, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் வெள்ளிகளையோ ஒட்டிப் பயணத்தை அமைப்பது நல்லது.

செலவைப் பார்த்தால் நோத்ர தாமுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை, இணைய முன்பதிவும் இலவசம். உள்ளே போக டிக்கெட் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கோபுரம் ஏறவும் கருவூலம் காணவும் மட்டுமே கட்டணம். சேன்ட் ஷப்பலுக்கு டிக்கெட் உண்டு, நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். நீதிமன்ற வளாகம் என்பதால் சோதனை கடுமை. பையில் கத்தியோ கத்தரிக்கோலோ இருக்கக் கூடாது.

இரண்டுக்கும் நேரமிருந்தால் நண்பகலை ஒட்டிச் சேன்ட் ஷப்பலுக்குப் பதிவு செய்யுங்கள். மாலைத் திருப்பலிக்கு நோத்ர தாம் போங்கள்.