சுங்கை சிப்புட் நாட்டு மருந்துக் கடை: இளைப்பு என்றால் மூச்சா, உடம்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் சின்ன நாட்டு மருந்துக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அந்தக் கடைக்காரர் கேட்ட ஒரு கேள்விக்காகத்தான்.

அம்மா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். போன வருஷம் "இளைப்பா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கிளினிக்கில் டாக்டருக்கு மலாயில் எடுத்துச் சொன்ன பெண், அதை 'குருஸ்', அதாவது உடம்பு மெலிவு, என்று சொல்லிவிட்டாள். எடை பார்த்தார்கள், இரண்டு கிலோ குறைந்திருந்தது, விட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் சொன்னதும் தப்பில்லை, உடம்பு மெலிந்தாலும் இளைப்புதான், மூச்சு வாங்கினாலும் இளைப்புதான்.

விட்டமினில் ஒன்றும் ஆகவில்லை. சரி, அமுக்கரா சூரணம் வாங்கலாம் என்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு இந்தக் கடைக்குப் போனேன். "பலவீனத்துக்கு" என்றேன். அவர் டப்பாவைத் தொடவே இல்லை. "அம்மா, இளைக்குதுன்னா மூச்சா, உடம்பா?" மூச்சு என்றார் அம்மா. வேலை செய்து வரும் களைப்பா, தூங்கி எழுந்தும் போகாத அசதியா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, இல்லை கண் இருட்டி விழுகிற மயக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மயக்கம் என்று நாம் இரண்டுக்கும்தானே சொல்கிறோம், மலாயில் தலைசுற்றலுக்குப் பெனிங், நினைவு தப்பி விழுவதற்குப் பெங்சான், இரண்டும் வேறு என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. அப்புறம் கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னார். வெளுத்திருந்தது. "ரத்தச் சோகை மாதிரி தெரியுதும்மா, முதல்ல ரத்தம் பாருங்க, சூரணம் எங்கேயும் ஓடிப்போகாது."

அரசாங்க கிளினிக்கில் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகை. உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள், குடலில் புண் இருந்தது. அன்று சூரணத்தை விற்றிருந்தால் கடைக்காரருக்குக் காசு வந்திருக்கும், எங்களுக்கு இன்னும் சில மாதம் வீணாகியிருக்கும்.

'நரம்புத் தளர்ச்சி' என்று லேபிள் ஒட்டிய லேகியங்களும் கடையில் இருக்கின்றன, அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சொல்லுக்குள் சர்க்கரை நோயில் கால் மரப்பதையும் போடலாம், தள்ளாத வயதின் நடுக்கத்தையும் போடலாம். ஆனால் அதை வாங்க வருகிறவரையும் அவர் விசாரிக்காமல் விடுவதில்லை. நான் நின்றிருந்தபோதே ஒரு தாத்தாவுக்காகத் தைலம் கேட்டு ஒரு பையன் வந்தான், காலையிலிருந்து ஒரு பக்கம் கை விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது என்றான். கடைக்காரர் அவனைத் திட்டாத குறையாக ஆம்புலன்ஸுக்கு 999-க்குப் போன் அடிக்க வைத்தார். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதைத் தைலம் தேய்த்துக் கழிக்க முடியாது.

கடையில் உட்கார இடம் இல்லை, காசு மட்டும்தான் வாங்குகிறார், பொட்டலத்தில் எழுதிக் கொடுப்பதைப் படிக்கவும் சிரமம். இருந்தாலும் போங்கள்.

அம்மாவுக்கு இப்போது ஹீமோகுளோபின் 11.2. போன வாரம் சுக்கு வாங்கப் போனோம். "இப்ப மேடு ஏறினா எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுக்கை எடை போட்டார்.