பத்து நாள் விபாசனா: முழங்காலும் துக்கமும்

சென்னைக்கு அருகிலுள்ள ஒரு மையத்தில் உடலில் எழும் உணர்வுகளைப் பேசாமல் உட்கார்ந்து கவனிக்கும் விபாசனா என்ற தியானத்தில் பத்து நாள் பயிற்சியை முடித்துத் திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. மனம் அமைதியடைந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அங்கே வாய்த்தது அமைதியைவிட ஒரு வாக்குவாதம், அதுவும் வாய் திறக்கக் கூடாத இடத்தில்.

பர்மாவில் பிறந்து 1969 முதல் இந்தியாவில் இம்முறையைக் கற்பித்த ச. நா. கோயங்காவின் மரபைச் சேர்ந்த மையம் அது. அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கிறது. கைப்பேசி, புத்தகம், பேனா எதுவும் கையில் இருக்கக் கூடாது. தங்கவோ உண்ணவோ கட்டணம் இல்லை. பயிற்சியை முடித்தவர்களிடம் மட்டும், அவர்கள் விரும்பினால், நன்கொடை பெறுகிறார்கள். புதியவர்களுக்கு மாலையில் தேநீரும் பழமும் உண்டு, இரவு உணவு இல்லை. பசி எனக்குப் பொருட்டாக இல்லை. முழங்கால்தான் பொருட்டாக இருந்தது.

முதல் மூன்று நாள்கள் மூச்சை மட்டுமே கவனித்துவிட்டு, நான்காம் நாளிலிருந்து ஒரு மணி நேரம் கைகால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்கார வேண்டும். அப்போதுதான் வலி என்று நான் ஒற்றைச் சொல்லால் அழைத்துவந்தது உண்மையில் இரண்டு என்று தெரிந்தது: முழங்காலில் ஏறி இறங்கும் சூடும் இறுக்கமும் ஒன்று, இது எப்போது முடியும் என்ற பதற்றம் மற்றொன்று. இரண்டாவதைக் கழித்துவிட்டால் முதலாவது தாங்கக்கூடியதாகவே இருக்கிறது. இந்த ஒரு பாடத்துக்காகவே பத்து நாள்களைக் கொடுக்கலாம்.

ஆனால், ஆறாம் நாள் பிற்பகலில், சென்ற ஆண்டு மறைந்த அப்பாவின் நினைவு வந்தபோது நெஞ்சு அடைத்தது. நினைவின் பின்னே போகாமல் அந்த அடைப்பை மட்டும் கவனி என்கிறது முறை. கவனித்தேன், சில நிமிடங்களில் அது கரைந்துவிட்டது. கரைந்தது அடைப்புதானே, அப்பா இல்லாமை அப்படியே இருக்கிறதே என்ற கேள்வி மிஞ்சியது. உணர்ச்சிக்கு ‘மெய்ப்பாடு’ என்று உடலை வைத்தே பெயரிட்ட தொல்காப்பியம், அதோடு நின்றுவிடாமல், அழுகை பிறக்கும் களங்களாக இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்னிருந்த நிலை கெடுதல்), வறுமை என நான்கைச் சொல்கிறது. இழவு என்பது வெளியே, உலகில் நடந்தது. என் நெஞ்சுக்கூட்டுக்குள் அதைத் தேடித் தீர்க்க முடியாது. உணர்ச்சியின் உடல் பாதியை இப்பயிற்சி மிக நுட்பமாகக் காட்டுகிறது, மறுபாதியைக் கதை என்று ஒதுக்கிவிடுகிறது என்பதே என் குறை. மதிய நேரத்தில் ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். பயிற்சியைத் தொடருங்கள் என்று கனிவோடு சொன்னார். மாலையில் ஒலிக்கும் கோயங்கா சொற்பொழிவின் தமிழ் ஒலிப்பதிவு அதற்கும் குறைவாகவே உதவியது.

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதி, மருத்துவரையும் கேட்டுவிட்டுப் போவது நல்லது. நான் மறுபடியும் போவதாக இருக்கிறேன். கேட்டால் நாற்காலி தருகிறார்கள். எனக்கு அது எட்டாம் நாள்தான் தெரிந்தது.